பிட்சரின் வெற்றிக் கணக்கு

அன்புள்ள ஆசிரியருக்கு,

பிட்ஸ்பர்கில் வேலை பார்க்கிறேன். கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவன். இங்கு வந்த பிறகுதான் பேஸ்பால் பார்க்கத் தொடங்கினேன். 2025 சீசன் முழுவதும் எங்கள் அலுவலகத்தில் இந்த ஊர் அணியான பைரேட்ஸின் பிட்சர் (பந்து வீசுபவர்) பால் ஸ்கீன்ஸைப் பற்றித்தான் வாக்குவாதம். 10 வெற்றி, 10 தோல்வி என்று முடித்தவருக்கு, இரு பெரிய லீகுகளில் ஒன்றான நேஷனல் லீக்கின் சிறந்த பிட்சருக்கான சை யங் விருது, 30 முதலிட வாக்குகளுடன் ஒருமனதாகக் கிடைத்தது. "ஜெயித்த அளவுக்குத் தோற்றவன் எப்படிச் சிறந்தவன் ஆவான்?" என்று கேட்கிறார் மூத்த சக ஊழியர் ஒருவர். சிறுவயது முதல் இந்த ஆட்டத்தைப் பார்ப்பவர் என்பதால் அவருக்குப் பதில் சொல்லத் தயக்கமாக இருக்கிறது. ஒரு பிட்சரின் சீசனையும் அவருடைய மொத்த வாழ்க்கையையும் எதை வைத்து மதிப்பிடுவது?

கே.

அன்புள்ள கே,

உங்கள் சக ஊழியர் வளர்ந்த காலத்தில் வெற்றிகளின் எண்ணிக்கைதான் பிட்சரின் தரம். அதற்கு நியாயமான காரணமும் இருந்தது. 511 வெற்றிகளுடன் இன்றும் முதலிடத்தில் இருக்கும் சை யங் (விருதின் பெயர் இவருடையதுதான்), தன் அணியின் முதல் பிட்சராக இறங்கித் தொடங்கிய 815 ஆட்டங்களில் 749 ஆட்டங்களைக் கடைசி வரை தானே வீசி முடித்தார். (அதிகத் தோல்விகளும், அதாவது 315, அவர் பெயரில்தான் இருக்கின்றன என்பதை உங்கள் நண்பருக்குச் சொல்லலாம்.) ஸ்கீன்ஸ் 2025இல் தொடங்கியவை 32 ஆட்டங்கள். ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாக ஆறு இன்னிங்ஸ்கூட அவர் வீசவில்லை, இன்றைய அணிகள் யாரையும் அதற்கு மேல் அதிகம் வீசவிடுவதுமில்லை. தொடங்கும் பிட்சர் ஐந்து இன்னிங்ஸாவது முடித்திருக்க வேண்டும், அவர் வெளியேறும்போது அணி முன்னிலையில் இருக்க வேண்டும், அந்த முன்னிலை கடைசி வரை கைநழுவாமல் இருக்க வேண்டும். அப்போதுதான் வெற்றி அவர் கணக்கில் எழுதப்படும். இவற்றில் முதலாவது மட்டுமே பெரும்பாலும் அவர் கையில் இருப்பது. ஸ்கீன்ஸின் 32 ஆட்டங்களில் 12 ஆட்டங்கள் வெற்றியாகவோ தோல்வியாகவோ அவர் கணக்கில் சேரவே இல்லை.

நீங்கள் இருக்கும் ஊரின் அணியே இதற்கு ஓர் உதாரணம் வைத்திருக்கிறது. 1959 மே 26 அன்று மில்வாக்கியில் பைரேட்ஸின் ஹார்வி ஹாடிக்ஸ் பன்னிரண்டு இன்னிங்ஸ் வரை ஒருவரைக்கூட முதல் பேஸை (ரன் எடுக்க ஓடித் தொட வேண்டிய நான்கு இடங்களில் முதலாவது) அடையவிடாமல் தொடர்ந்து 36 பேரை ஆட்டமிழக்கச் செய்தார். முறைப்படி ஒன்பது இன்னிங்ஸில் முடிந்திருக்க வேண்டிய ஆட்டம், பைரேட்ஸ் 12 ஹிட் அடித்தும் ஒரு ரன்னும் எடுக்காததால் நீண்டுகொண்டே போனது. பதின்மூன்றாவது இன்னிங்ஸில் மூன்றாம் பேஸ் வீரர் டான் ஹோக் தவறாக எறிந்ததால் முதல் ஆள் பேஸுக்கு வந்துவிட்டார். அடுத்தவர் பந்தை மெல்லத் தட்டி அவரை இரண்டாம் பேஸுக்கு நகர்த்தினார். ஹாங்க் ஆரனை வேண்டுமென்றே நடக்கவிட்டார்கள், அதாவது அடிக்க வாய்ப்பே தராமல் வீசி அவரை முதல் பேஸுக்குப் போகவிட்டார்கள். ஜோ ஆட்காக் அடித்த பந்து வேலியைத் தாண்டியது. ஓட்டத்தில் நேர்ந்த குழப்பத்தால் ஒரு ரன் மட்டுமே கணக்கில் ஏறியது, ஆட்டம் 1-0 என முடிந்தது. ஹாடிக்ஸின் கணக்கில் அன்று ஒரு தோல்வி. அந்தக் கணக்கை நம்பினால் அன்று அவர் மோசமாக வீசினார் என்றல்லவா சொல்ல வேண்டும்?

விருதுக்கு வாக்களிக்கும் செய்தியாளர்களும் நெடுங்காலம் அந்தக் கணக்கைத்தான் நம்பினார்கள். 1990இல் அமெரிக்கன் லீகில் ஓக்லண்டின் பாப் வெல்ச் 27 வெற்றி, 6 தோல்வி. பாஸ்டனின் ராஜர் கிளெமென்ஸ் 21 வெற்றி, 6 தோல்வி. ஒன்பது இன்னிங்ஸுக்கு விட்டுக்கொடுத்த ரன்களின் சராசரியில் (தடுப்பாளர்களின் பிழையால் வந்த ரன்களை இதில் சேர்ப்பதில்லை) வெல்ச் 2.95, கிளெமென்ஸ் 1.93. விருது வெல்ச்சுக்குப் போனது. அது பிழையான தீர்ப்பு என்றே நான் நினைக்கிறேன்.

இருபது ஆண்டுகளில் பார்வை மாறியது. 2010இல் சியாட்டிலின் ஃபெலிக்ஸ் ஹெர்னாண்டஸ் 13 வெற்றி, 12 தோல்வியுடன் விருதை வென்றார். அவருடைய சராசரி 2.27, ஸ்ட்ரைக்அவுட் (மூன்று ஸ்ட்ரைக்கில் மட்டையாளரை ஆட்டமிழக்கச் செய்வது) 232. அவருடைய அணியோ சீசன் முழுவதும் எடுத்தது 513 ரன், தோற்றது 101 ஆட்டம். நியூயார்க் யாங்கீஸின் சி.சி. சபாத்தியாவுக்கு அந்த ஆண்டு 21 வெற்றிகள் இருந்தும் வாக்குகள் ஹெர்னாண்டஸ் பக்கமே சாய்ந்தன. ஸ்கீன்ஸின் கதையும் அதேதான்: சராசரி 1.97, ஸ்ட்ரைக்அவுட் 216, பின்னால் நின்றதோ முப்பது அணிகளில் மிகக் குறைவாக ரன் எடுத்த அணி. அவருடைய பத்துத் தோல்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் மட்டையாளர்கள்.

வாழ்நாள் சாதனை என்று வரும்போது உங்கள் நண்பரின் பக்கம் கொஞ்சம் வலுவாகிறது. பதினைந்து, இருபது ஆண்டுகளில் சேரும் வெற்றிகளில் நல்ல அணி, கெட்ட அணி என்ற ஏற்றத்தாழ்வு ஓரளவு சமனாகிவிடும். உடல் தாங்கியது, அணி அவரைத் தொடர்ந்து நம்பியது என்பதற்கும் அந்த எண் சாட்சி. ஆனால் அங்கும் அது ஒன்றே போதாது. சாண்டி கோஃபாக்ஸ் முழங்கை மூட்டழற்சியால் 1966இல், முப்பது வயதில், 165 வெற்றிகளோடு நிறுத்திக்கொண்டார். கடைசி ஐந்து சீசன்களிலும் லீகின் மிகக் குறைந்த சராசரி அவருடையது. 1972இல் முதல் வாய்ப்பிலேயே பேஸ்பாலின் புகழ்மண்டபத்துக்குத் (Hall of Fame) தேர்வானார். ஹெர்னாண்டஸுக்கு 169 வெற்றிகள். கோஃபாக்ஸ் உலகத் தொடர்களில் (சாம்பியனை முடிவுசெய்யும் இறுதித் தொடர்) வீசினார், ஹெர்னாண்டஸுக்கு ஒருமுறைகூட சீசனுக்குப் பிந்தைய ஆட்டங்களில் இறங்கும் வாய்ப்புக் கிடைக்கவில்லை. 2025இல் அவர் பெயர் முதன்முறை புகழ்மண்டபத் தேர்தலுக்கு வந்தபோது 75 சதவீத வாக்குகள் தேவைப்பட்ட இடத்தில் ஏறத்தாழ 20 சதவீதமே கிடைத்தது. கோஃபாக்ஸின் உச்சத்தை அவர் எட்டவில்லை என்பது உண்மைதான். ஆனால் 169 என்ற எண்ணைக் காட்டி அவரை ஒதுக்குகிறவர்கள், அவருடைய அணி செய்யாததை அவர் தலையில் கட்டுகிறார்கள். எனக்கு வாக்கு இருந்தால் அவருக்குத்தான்.

2025 முடிவில் ஸ்கீன்ஸ் முடித்திருந்தது இரண்டு சீசன்கள். அந்தத் தேர்தலுக்கு வரவே குறைந்தது பத்து சீசன்கள் ஆடியிருக்க வேண்டும். அவருடைய வாழ்நாள் சாதனையைப் பற்றி உங்கள் அலுவலகத்தில் இப்போதே வாதிட வேண்டியதில்லை. 2025இல் நேஷனல் லீகில் அவரைவிட நன்றாக வீசியவர் யார் என்று மட்டும் உங்கள் நண்பரிடம் கேட்டுப் பாருங்கள்.