மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள்: சென்னை வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி (மயிலாப்பூர்): கடலுக்குள் தேசியப் பூங்காவா? எல்லை எது ஐயா?

பதில்: ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே கரையை ஒட்டி வரிசையாக 21 தீவுகள். அவற்றையும் சுற்றியுள்ள ஆழம் குறைந்த கடலையும் சேர்த்து 1986-ல் பூங்காவாக அறிவித்தார்கள். சுமார் 560 சதுர கிலோமீட்டர்.

கேள்வி (திருவொற்றியூர்): இரண்டு தீவுகள் மூழ்கிவிட்டதாமே? கடல் மட்டம் உயர்ந்ததுதான் காரணமா அண்ணா?

பதில்: பூவரசன்பட்டி, விலாங்குசல்லி. பழியைக் கடல்மேல் மட்டும் போட எனக்கு மனம் வரவில்லை. பல பத்தாண்டுகள் பவளப்பாறையை உடைத்து, சுண்ணாம்புக்கும் கட்டடங்களுக்கும் வள்ளம் வள்ளமாகக் கொண்டுபோனோம். இந்தத் தீவுகள் தாழ்வான மணல்திட்டுகள். அலையின் வேகத்தை முதலில் வாங்குவது முன்னால் இருக்கும் பார், அதாவது பவளப்பாறைத் திட்டு. பார் போனால் மணல் நிற்காது. உருண்டை உருண்டையாக இருக்கும் மூளைப் பவளம் ஆண்டுக்கு ஒரு செ.மீ. வளர்ந்தாலே பெரிது, கடப்பாரைக்கு ஒரு காலைப்பொழுது போதும். 2001-ல் பவளங்கள் வனவிலங்குச் சட்டத்தில் உச்சப் பாதுகாப்பு தரும் முதல் அட்டவணைக்குள் வந்தன. தூத்துக்குடி அருகே வான் தீவு கரையாமலிருக்க இப்போது கான்கிரீட்டில் செயற்கைப் பார் இறக்கியிருக்கிறார்கள். நல்ல வேலை. ஆனால் தண்ணீர் சூடானால் பவளத்துக்குள் வாழும் பாசி வெளியேறி, பவளம் வெளுத்துவிடும். 1998, 2010, 2016 மூன்று முறையும் அதுதான் நடந்தது.

கேள்வி (அடையாறு): கடல் பசுவைப் பார்க்க முடியுமா?

பதில்: மிக அரிது. மீனவர்கள் ஆவுளியா என்பார்கள். கடல்புல்லை வேரோடு பிடுங்கித் தின்னும். மேய்ந்த இடத்தில் ஒற்றையடிப் பாதை மாதிரி வெறும் மணல் தடம் தெரியும். பாலூட்டியாதலால் மூச்சுவிட மேலே வந்தாக வேண்டும். வலையில் மாட்டினால் மூச்சுமுட்டிச் சாகும். ஈற்றுக்கு ஒரே குட்டி, அடுத்ததற்குப் பல ஆண்டுகள். அதனால் ஒவ்வொரு சாவும் பெரிய இழப்பு. வலையை அறுத்து விடுவிக்கும் மீனவர்களுக்கு வனத்துறை வெகுமதி தருகிறது. 2022-ல் பாக் விரிகுடாவில் 448 சதுர கி.மீ. கடல் பசு காப்பகமும் வந்தது.

கேள்வி (எழும்பூர்): இந்த வரலாற்றில் மெட்ராஸுக்குப் பங்கு உண்டா?

பதில்: உங்கள் ஊர் அருங்காட்சியகமே 1927-ல் இந்த 21-ல் ஒன்றான குருசடைத் தீவின் கரையோர உயிரினங்களைப் பற்றித் தனி வெளியீடு கொண்டுவந்தது.

கேள்வி (வேளச்சேரி): பிள்ளைகளைக் கூட்டிப் போகலாமா?

பதில்: வனத்துறை அனுமதியில்லாமல் எந்தத் தீவிலும் இறங்காதீர்கள். பாக் விரிகுடாப் பக்கம் காரங்காட்டில் வனத்துறையும் ஊர்க்காரர்களும் சேர்ந்து நடத்தும் அலையாத்திக் காட்டுப் படகு சவாரி உண்டு. பவளத் துண்டை யார் விற்றாலும் வாங்காதீர்கள்.