வக்கீல் ஆபீஸ் ‘பாராலீகல்’: குமாஸ்தா பதில்கள்

கேள்வி: பி.காம். முடித்த என் மகளைச் சென்னையில் ஒரு வக்கீல் ஆபீஸில் ‘பாராலீகல்’ வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். அது வக்கீல் வேலையா, குமாஸ்தா வேலையா? கோர்ட்டில் ஏறிப் பேச வேண்டியிருக்குமா?
– ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: 31 வருஷம் வக்கீல் குமாஸ்தாவாக இருந்தவனிடம் கேட்டுவிட்டீர்கள் அம்மா. பெயர்தான் புதுசு, வேலை பெரும்பாலும் எங்களுடையதுதான்.

கோர்ட்டில் பேச வேண்டியதில்லை, பேசவும் கூடாது. 1961-ம் வருஷத்து வழக்கறிஞர்கள் சட்டப்படி, பார் கவுன்சிலில் பதிவு செய்தவர்தான் வழக்காடலாம். கட்சிக்காரர் வராந்தாவில் நிறுத்தி, “கேஸ் ஜெயிக்குமா பாப்பா?” என்று கேட்பார். “சாரைக் கேளுங்க” என்பதோடு உங்கள் மகள் நகர்ந்துவிட வேண்டும்.

மற்றதெல்லாம் பாராலீகல் தலையில்தான். பிராது, அதாவது வழக்கு மனு டைப் அடிப்பது, ஆவணங்களுக்குப் பக்க எண் போடுவது, கோர்ட் பீஸ் கட்டுவது, சம்மன் அனுப்பப் பேட்டா கட்டுவது, குறை சொல்லி கோர்ட் ரிட்டர்ன் செய்த கட்டைக் குறை தீர்த்துத் திரும்பப் போடுவது, அடுத்த விசாரணைத் தேதிகளைக் குறிக்கும் வாய்தா டைரி. இப்போது பாதி இ-பைலிங், ஆன்லைனிலேயே தாக்கல். நான் சுமந்த கட்டுகளை அவர் சுமக்க வேண்டாம்.

இதே பெயரில் இன்னொன்றும் உண்டு, குழப்பிக்கொள்ளாதீர்கள். தேசிய சட்டப் பணிகள் ஆணைக்குழு 2009-ல் கொண்டுவந்த பாராலீகல் வாலண்டியர் திட்டம். வழி தெரியாதவர்களை இலவச சட்ட உதவிக்கு அழைத்துப்போகிற தொண்டு அது, உத்தியோகம் இல்லை.

ஆனால் தேதிக் கணக்கை மட்டும் முதல் நாளே கற்றுக்கொள்ளச் சொல்லுங்கள். முன்சீப் கோர்ட் (கீழ்நிலை சிவில் கோர்ட்) தீர்ப்புக்கு அப்பீல் போட 30 நாள். தீர்ப்பின் சான்றிட்ட நகல் தயாராக ஆகும் நாளை அந்த 30-ல் சேர்க்காமல் கழித்துக்கொள்ளலாம். நகலில் முத்திரை குத்தி வரிசையாகத் தேதி எழுதியிருக்கும்: மனு போட்டது, ஸ்டாம்ப் கேட்டது, கட்டியது, நகல் தயாரானது, வாங்கியது. சேர்ந்த புதிதில் நான் வாங்கிய தேதி வரை கழித்துவிட்டேன். தயாராகி ஆறு நாள் சென்றுதான் போய் வாங்கியிருந்தேன். ஊரில் மாரியம்மன் திருவிழா. தயாரான நாள் வரைதான் கழிக்கலாம், அந்த ஆறு நாள் கழியாது. அப்பீல் நாலு நாள் தாமதம்! தாமதத்தை மன்னிக்கக் கோரி மனு, கூடவே ஒரு அபிடவிட் (பிரமாணப் பத்திரம்). ‘குமாஸ்தாவின் கவனக்குறைவு’ என்ற வரியை நானே டைப் அடித்தேன். சார் திட்டவே இல்லை. பின்னால் நின்று படித்துவிட்டு, “வரிக்கு வரி இடம் விட்டு அடிப்பா, ஜட்ஜ் நல்லாப் படிக்கட்டும்” என்றார்.