பிராடோ மியூசியத்துல இருக்கிற பெயிண்டிங் எல்லாம் ராஜா குடும்பத்து சொத்தா?

முக்கியமான கலெக்‌ஷன் அப்படித்தாங்க, ஸ்பெயின் ராஜாக்கள் தலைமுறை தலைமுறையா சேர்த்து வச்சது. ரெண்டாம் பிலிப் ராஜா டிசியன், போஷ் மாதிரி ஓவியர்களோட படமா வாங்கிக் குவிச்சார், நாலாம் பிலிப் ஒரு படி மேல போய் வெலாஸ்கெஸ்ங்கிற ஓவியரை அரண்மனையிலயே வேலைக்கு வச்சுக்கிட்டு, அவரையே இத்தாலிக்கு அனுப்பி படம் வாங்கிட்டு வரச் சொன்னார்.

மேட்ரிட்ல இருக்கிற அந்த பில்டிங் 1785ல இயற்கை அறிவியலுக்குன்னு டிசைன் பண்ணது, 1819ல தான் ஆர்ட் மியூசியமா திறந்தாங்க. 1868 புரட்சில ராணி இசபெல் நாட்டை விட்டு ஓடினதுக்கப்புறம் எல்லாம் அரசாங்க சொத்தாயிடுச்சு.

போனா வெலாஸ்கெஸ் வரைஞ்ச 'லாஸ் மெனினாஸ்' படத்து முன்னாடி நிதானமா நில்லுங்க. 1656ல வரைஞ்சது, ஆளை விட உயரம். நடுவுல குட்டி இளவரசி, பின்னாடி கண்ணாடில மங்கலா ராஜாவும் ராணியும், இடது பக்கம் பிரஷ்ஷோட வெலாஸ்கெஸே நிப்பார், அவர் நெஞ்சுல இருக்கிற சிவப்பு சிலுவை மட்டும் பிறகு சேர்த்தது, ஏன்னா அந்தச் சிலுவை குறிக்கிற சாண்டியாகோ வீரர் பட்டம் அவருக்கு 1659ல தான் கிடைச்சுது. 1734ல பழைய அரண்மனை தீப்பிடிச்சு நூத்துக்கணக்குல படம் எரிஞ்சுபோச்சு, இது தப்பிச்சதே பெரிய விஷயம், இளவரசி கன்னத்துல மட்டும் டேமேஜ் ஆகி திரும்ப பெயிண்ட் பண்ணிருக்காங்க.