ஆக்ஸலாட்டலுக்கு உயிருணவு: எதைக் கொடுக்கலாம், எதைத் தவிர்க்க வேண்டும்?

மெக்சிகோவின் சோச்சிமில்கோ ஏரியைப் பூர்வீகமாகக் கொண்ட நீர்வாழ் சாலமாண்டர்தான் ஆக்ஸலாட்டல். அதை வீட்டுத் தொட்டியில் வளர்ப்பவர்கள் அனுப்பிய கேள்விகளுக்கான பதில்கள் இவை.

கேள்வி: அக்கா, ஆறு மாதக் குட்டி வைத்திருக்கிறேன். டியூபிஃபெக்ஸ் மட்டும் போதும் என்று கடையில் சொன்னார்கள். போதுமா?

பதில்: போதாது தம்பி. டியூபிஃபெக்ஸ் சாக்கடைச் சேற்றில் செழிக்கும் புழு. அங்கிருக்கும் கிருமியும் கன உலோகமும் அதோடு சேர்ந்து உங்கள் தொட்டிக்கு வரும்.

மண்புழுவை முதன்மை உணவாக வையுங்கள். மென்மையான உடம்பு, நல்ல புரதம், ஓரளவு சுண்ணாம்புச் சத்து எல்லாம் ஒன்றிலேயே கிடைக்கின்றன. மண்புழு உரம் தயாரிப்பவர்களிடம் பெரும்பாலும் இரண்டு வகை இருக்கும். சிறிய சிவப்புப் புழுவான ஐசீனியா ஃபெடிடா சீண்டினால் மஞ்சள் நிறக் கசப்புத் திரவத்தை விடும். பல ஆக்ஸலாட்டல்கள் அதை வாயில் வாங்கி உடனே துப்பிவிடும். பெரிதாக வளரும் ஆப்பிரிக்கப் புழுவான யூட்ரிலஸைக் கேட்டு வாங்குங்கள்.

ஒரு நாள் ஈரத்தாளில் விட்டால் வயிற்றிலுள்ள மண் வெளியேறிவிடும். அப்புறம் கழுவி, தேவைப்பட்டால் நறுக்கிக் கொடுங்கள். ஆக்ஸலாட்டலின் இரு கண்களுக்கு இடைப்பட்ட அகலத்தைவிடப் புழு தடிமனாக இருக்கக் கூடாது. வளர்ந்த விலங்குக்கு வாரம் இரண்டு மூன்று முறை போதும்.

கேள்வி: எங்கள் தோட்டத்து மண்புழு ஆகுமா?

பதில்: பூச்சிமருந்தோ களைக்கொல்லியோ ரசாயன உரமோ படாத மண் என்று உங்களுக்கு உறுதியாகத் தெரிந்தால் ஆகும். பக்கத்து வயலில் மருந்து அடிக்கிறார்கள் என்றால் வேண்டாம். எந்த உயிருணவுக்கும் நான் முதலில் கேட்பது, அது எங்கே வளர்ந்தது என்பதைத்தான்.

கேள்வி: சின்னத் தங்கமீன்களை விட்டால் துரத்திப் பிடித்துச் சாப்பிடும் என்கிறார்களே?

பதில்: தயவுசெய்து விடாதீர்கள். தங்கமீனில் தயமினேஸ் என்ற நொதி இருக்கிறது. அது வைட்டமின் பி1-ஐச் சிதைத்துவிடும். தொடர்ந்து கொடுத்தால் நரம்புத் தளர்ச்சி வரும். தீனிக்காக மலிவாக விற்கும் மீன்கள் நெருக்கடியில் வளர்வதால் வெண்புள்ளி நோயும் ஒட்டுண்ணிகளும் அவற்றில் அதிகம். சாப்பிடாமல் விட்ட மீன், ஆக்ஸலாட்டலின் இறகு போன்ற செவுள்களைக் கொறிக்கும். சோச்சிமில்கோவிலேயே வெளியிலிருந்து கொண்டுவந்து விட்ட கெண்டையும் திலாப்பியாவும் ஆக்ஸலாட்டல்களின் முட்டைகளையும் குஞ்சுகளையும் தின்று அழிக்கின்றன.

மீன் கொடுத்தே ஆக வேண்டும் என்றால், வீட்டில் பெருகிய கப்பிக் குஞ்சுகளை எப்போதாவது கொடுக்கலாம். கெளுத்தி போல முள் உள்ள மீன் கூடவே கூடாது, தொண்டையில் சிக்கிக்கொள்ளும்.

கேள்வி: மீல்வார்ம் என்ற வண்டுப்புழுவைக் கொடுக்கலாமா?

பதில்: வேண்டாம். ஓடு கெட்டி, செரிக்காது.

கேள்வி: மழைக்காலத்தில் குட்டையில் தலைப்பிரட்டைகள் நிறையக் கிடைக்கின்றன. இயற்கை உணவுதானே?

பதில்: நீர்நில வாழ்விகளைக் கொல்லும் கைட்ரிட் பூஞ்சையும் ரானாவைரஸும் நுழைய அதைவிடச் சுலபமான வழி இல்லை. தேரையின் தலைப்பிரட்டையில் நஞ்சும் உண்டு. குட்டையிலிருந்து எதையும் எடுக்காதீர்கள், கொசுப்புழு உட்பட.

கேள்வி: அக்கா, மண்புழுவைக்கூடத் தொட மாட்டேன் என்கிறது. உணவை மாற்றட்டுமா?

பதில்: முதலில் வெப்பமானியைப் பாருங்கள். இதற்கு ஏற்றது 16 முதல் 18 டிகிரி. 24-ஐத் தாண்டினால் பசி போய்விடும், நோயும் வரும். நம் ஊர் வெயிலில் நீரைக் குளிர்விக்கும் சில்லர் கருவி இல்லாமல் இதை வளர்ப்பது மிகவும் சிரமம். அடியில் சிறு கற்கள் பரப்பியிருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள். வாயைத் திறந்து நீரோடு இரையை உறிஞ்சும்போது கல்லும் உள்ளே போய்க் குடலை அடைத்துவிடும்.

கேள்வி: முட்டை பொரிந்து குஞ்சுகள் வந்திருக்கின்றன. என்ன கொடுப்பது?

பதில்: முதல் இரண்டு மூன்று நாள், முட்டையிலிருந்து உடம்பில் மிச்சமிருக்கும் கருவுணவே போதும். அதன்பின் அசையும் இரையைத்தான் பிடிக்கும், செத்த உணவைக் கண்டுகொள்ளாது. அன்றன்று பொரித்த ஆர்ட்டீமியா என்ற உப்புநீர்ச் சிற்றிறாலை நல்ல நீரில் அலசி, உப்புப் போக்கிக் கொடுங்கள். வீட்டில் வளர்த்த டாஃப்னியா என்ற நீர்த்தெள்ளும் நல்லது. பசியோடு நெருக்கமாக இருந்தால் ஒன்றின் காலை ஒன்று கடித்துவிடும், எனவே பிரித்து வையுங்கள். ஆர்ட்டீமியா நன்னீரில் சில மணி நேரத்தில் செத்து நீரைக் கெடுக்கும் என்பதால், மிச்சத்தைத் தினமும் சொட்டுக்குழாயால் உறிஞ்சி எடுத்துவிடுங்கள்.