கொறங்காட்டை அவர்கள் கையில் கொடுக்கலாமா?

கேள்வி: மூலனூர் பக்கம் எங்கள் அப்பாரு (தாத்தா) விட்டுப்போன 11 ஏக்கர் கொறங்காடு, அதாவது வேலி போட்ட மேய்ச்சல் நிலம், இருக்கிறது. அப்பா இல்லை. அண்ணன் ஊரில் ஆடு மாடு வைத்திருக்கிறார். நான் திருப்பூரில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். காட்டில் பாதியைச் சீமைக்கருவேலம் பிடித்துவிட்டது. பக்கத்து ஊர்க்காரர்கள் சிலர் ஒரு அறக்கட்டளை நடத்துகிறார்கள். பத்து வருசத்துக்கு ஒப்பந்தம் போட்டால் முள்ளை எடுத்து, வேலியைச் சரிசெய்து, புல் விதைத்து மேய்ச்சல் காடாகவே காப்பாற்றித் தருவார்களாம். சிறு தொகை குத்தகையும் உண்டு. கூடவே என்னையும் அறங்காவலராகச் சேரச் சொல்கிறார்கள். அண்ணன் ‘சைட் போட்டால் என்ன விலை தெரியுமா’ என்கிறார். நங்கையாவோ (அண்ணி) ‘போட்டோ எடுக்க வர்றவங்க அவங்க’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். இவர்களை எப்படி நம்புவது?
– பெயர் வேண்டாம், திருப்பூர்

பதில்: அம்மணி, உங்கள் நங்கையா சொன்னதில் பாதி உண்மை. மீதிப் பாதியை நீங்கள் நேரில் போய்த்தான் பார்க்க வேண்டும்.

பாதி உண்மை என்று ஏன் சொல்கிறேன் என்றால், நானும் அந்தப் போட்டோவில் நின்றவன்தான். பல வருசங்களுக்கு முன்னால் மரம் நடும் அறக்கட்டளை ஒன்றின் கமிட்டியில் இருந்தேன். பெயர் எதற்கு, விடுங்கள். நடுவிழா அன்று பந்தல், மைக், ஆளுக்கொரு மண்வெட்டி என்று அமர்க்களப்படும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை தீர்மான நோட்டு வரும், படிக்காமல் கையெழுத்துப் போடுவேன். ஒரு கல்யாணப் பந்தியில் எனக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவர் மெதுவாகக் கேட்டார்: “ஏனுங்க, நீங்களும் அந்தக் கமிட்டியில இருக்கறீங்களாமா? தண்ணி ஊத்துன காசு நாலு மாசமா வரலீங்க.” டேங்கர் ஓட்டுகிறவர். காசு வராததால் மாசி மாதத்தோடு நிறுத்திவிட்டாராம். பங்குனி வெயிலில் கன்றுகள் என்னவாகியிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. நான் கையெழுத்துப் போட்ட நோட்டில் ‘பராமரிப்புப் பணி சிறப்பாக நடைபெறுகிறது’ என்று எழுதியிருந்தது. அதற்கப்புறம் எந்த அமைப்பைப் பற்றி யார் கேட்டாலும், அங்கே தண்ணீர் ஊற்றுகிறவர் யார் என்றுதான் முதலில் விசாரிக்கிறேன்.

உங்கள் விஷயத்தில் அந்த ஆள் வேலி கட்டுகிறவராக இருப்பார், விதை எடுக்கிற அம்மாவாக இருப்பார், கணக்கு எழுதுகிற பிள்ளையாக இருப்பார். அறக்கட்டளையின் தலைவர் யார், பின்னணி என்ன என்பதெல்லாம் இருக்கட்டும். இந்த மூன்று பேரையும் பார்க்காமல் ஒப்பந்தம் பேசாதீர்கள்.

அவர்கள் ஏற்கெனவே வேறு யாருடைய காட்டையாவது எடுத்திருப்பார்கள். எடுத்து இரண்டு வருசமாவது ஆன காட்டைக் காட்டச் சொல்லுங்கள். விழா நடக்கும் நாளில் போகாதீர்கள், சும்மா ஒரு நாளில் போங்கள். முதலில் முள் இருந்த இடத்தைப் பாருங்கள். சீமைக்கருவேலத்தை மண் மட்டத்தில் வெட்டிப் போட்டால் போட்டோவுக்கு நன்றாக இருக்கும். ஒரு மழை போதும், அடிக்கட்டையிலிருந்து ஒன்றுக்குப் பத்தாகத் துளிர்த்துவிடும். வேரோடு பிடுங்க வேண்டும். பிடுங்கிய பிறகும் கீழே கிடக்கும் விதைகள் வருசா வருசம் முளைக்கும், யாராவது திரும்பத் திரும்ப வந்து இளசிலேயே பறித்துப் போட வேண்டும். ‘யார் வருவது, கடைசியாக எப்போது வந்தார்’ என்று கேளுங்கள். பதில் சட்டென்று வந்தால் நல்லது.

இன்னொன்றும் கவனியுங்கள். ஜேசிபி விட்டவர்கள் வெள்வேலை விட்டுவைத்திருக்கிறார்களா? முள்ளென்றால் எல்லாம் ஒன்று என்று நினைக்கிற டிரைவர், பட்டை வெளுத்துக் குடை விரித்தாற்போல நிற்கும் வெள்வேலையும் சேர்த்தே சாய்த்துவிடுவார். கொறங்காட்டுக்கு நிழலும் அதுதான், கோடையில் ஆட்டுக்குக் காயும் அதுதான். ஜேசிபிக்கு முன்னால் நடந்து போய் ‘இது வேண்டாம், அது வேண்டாம்’ என்று கை காட்ட ஒரு ஆள் வேண்டும். அப்படி ஒருவரை அவர்கள் வைத்திருந்தால், அந்த அறக்கட்டளையில் கொறங்காடு தெரிந்த ஆள் இருக்கிறார் என்று அர்த்தம்.

வேலியும் அப்படித்தான். கிளுவைப் போத்தை, அதாவது வெட்டிய கிளையை, நட்டு உயிர்வேலி ஆக்குவது ஒரு நாள் வேலை இல்லை. பட்டுப்போன இடங்களில் மறுபடி போத்து ஊன்ற வேண்டும், ஆடு நுழைகிற சந்தை அடைக்க வேண்டும். வேலியோரமாகவே ஒரு சுற்று நடந்து வாருங்கள். புதுப் போத்து தெரிந்தால் ஆள் வந்துபோகிறார். ஓட்டை ஓட்டையாகக் கிடந்தால் திரும்பி வந்துவிடுங்கள், காபி கொடுத்தாலும் உட்காராதீர்கள்.

விதை எடுக்கிற அம்மா கிடைத்தால் அரை மணி நேரம் அவரோடு இருங்கள். கொழுக்கட்டைப்புல்லின் கதிரை இரண்டு விரலில் பிடித்துக் கீழிருந்து மேலே உருவினால் பழுத்த விதை மட்டும் கையோடு வந்துவிடும், பச்சை வராது. அந்த விதை சுனையோடு பஞ்சு மாதிரி இருக்கும், சேலையெல்லாம் ஒட்டிக்கொள்ளும். அப்படியே வீசினால் காற்றோடு போய்விடும் என்பதால் ஈர மண்ணோடு கலந்து தூவுவார்கள். எடுத்த சூட்டோடு விதைத்தால் சரியாக முளைக்காது, சில மாதம் இருப்பு வைக்க வேண்டும். இதை அவர் தானாகவே சொல்கிறாரா பாருங்கள். ‘கூலி வாராவாரம் வருதுங்களா’ என்று சும்மா கேட்பது போலக் கேளுங்கள். நான் கல்யாணப் பந்தியில் தெரிந்துகொண்டதை நீங்கள் காட்டிலேயே தெரிந்துகொள்ளலாம்.

நம் பக்கம் இப்படி நின்று வேலை செய்கிறவர்கள் இல்லாமல் இல்லை. கோவையில் நொய்யலுக்கும் குளங்களுக்குமாக 2003-ல் தொடங்கிய சிறுதுளியை வனிதா மோகன் இன்னும் முன்னின்று நடத்துகிறார். கோவை குளங்கள் பாதுகாப்பு அமைப்பில் ஞாயிற்றுக்கிழமை காலையில் குளத்தில் இறங்குகிறவர்கள் வார நாளில் ஏதோ ஒரு ஆபீசில் இருப்பவர்கள்தான். உங்களுக்குக் கிட்டத்திலேயே குட்டப்பாளையத்தில் சேனாபதி காங்கேயம் கால்நடை ஆராய்ச்சி மையம் இருக்கிறது, காங்கயம் மாட்டோடு கொறங்காட்டைப் பற்றியும் பேசுகிறவர்கள். முடிந்தால் ஒரு ஞாயிறு பழையகோட்டை மாட்டுச் சந்தைக்குப் போய், வாங்க வருகிறவர்களிடம் மேய்ச்சல் பற்றிப் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். கொறங்காட்டுக்கு இன்றைக்கு என்ன மதிப்பு என்று அவர்களுக்குத் தெரியும்.

உங்கள் நிலைமைக்கு இன்னும் பொருத்தமான உதாரணம் வால்பாறை. அங்கே தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே துண்டு துண்டாகக் கிடக்கும் சோலைகளை மீட்கிற வேலையை நேச்சர் கன்சர்வேஷன் பவுண்டேஷன் செய்கிறது. நிலம் எஸ்டேட் கம்பெனிகளுடையது, அவர்களோடு பேசி ஒப்புக்கொண்டு இவர்கள் நடுகிறார்கள். திவ்யா முத்தப்பா, சங்கர் ராமன் இருவரும் 2000-களின் தொடக்கத்திலிருந்து இதிலேயே இருக்கிறார்கள். ரோட்டோரம் விழுந்து கிடக்கும் காட்டு மர விதைகளைப் பொறுக்கி வந்து நர்சரியில் முளைக்கவைத்து நடுகிறார்கள். நிலம் கை மாறவில்லை, வேலை செய்கிற ஆளும் மாறவில்லை.

சரி, காகிதத்துக்கு வருவோம். அமெரிக்கா மாதிரி நாடுகளில் நிலத்தை வைத்துக்கொண்டே, ‘இதில் கட்டிடம் வராது’ என்ற உரிமையை மட்டும் ஒரு அறக்கட்டளைக்கு நிரந்தரமாக எழுதிக் கொடுக்கலாம். நம் ஊரில் அது போலச் சட்டம் கிடையாது. நமக்குத் தெரிந்த வழி குத்தகைதான். ஒரு வருசத்துக்கு மேற்பட்ட குத்தகை என்றால் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும், வில்லங்கச் சான்றிலும் அது வரும். குத்தகைக்கு விட்டாலும் பட்டா மாறாது. ‘எல்லாம் சுலபமாக இருக்கும்’ என்று பவர் எழுதித் தரச் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். எவ்வளவு நல்லவர்களாக இருந்தாலும் சரி, பவர் மட்டும் கூடாது. தானப் பத்திரமும் கூடாது. அப்பாரு சொத்து என்கிறீர்கள், பாகம் பிரித்தாயிற்றா என்று எழுதவில்லை. பிரிக்கவில்லை என்றால் பங்குள்ள எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும், உங்கள் அம்மா உட்பட. அதை முதலில் ஒரு வக்கீலிடம் காட்டிவிடுங்கள்.

பத்து வருசம் எதற்கு? மூன்று வருசம் போடுங்கள், பிடித்தால் நீட்டிக்கலாம். அறக்கட்டளை நின்றுபோனால் காடு என்னவாகும், உங்கள் அண்ணனின் ஆடு மாடு எந்த மாதத்தில் எத்தனை மேயலாம், வேலங்காய் யாருக்கு என்று எழுத்தில் வரட்டும். வேலங்காயைப் பற்றிச் சிரிக்காதீர்கள், சித்திரையில் அதற்காகப் பங்காளிகள் பேச்சுவார்த்தையை நிறுத்தியதை நான் பார்த்திருக்கிறேன். புல் விதைத்த முதல் வருசம் மேய்ச்சலே விடக்கூடாது. அந்த வருசம் அண்ணனின் ஆடுகள் எங்கே போகும் என்று இப்போதே பேசிவிடுங்கள். ஒப்பந்தம் உடைவதென்றால் பெரும்பாலும் அங்கேதான் உடையும்.

அறங்காவலர் பதவிக்கு என் பதில்: இப்போது வேண்டாம். நீங்கள் தகுதி இல்லாதவர் என்பதற்காக இல்லை. ஷிப்மென்ட் தேதியைத் துரத்துகிற மெர்ச்சண்டைசரை எந்தக் கமிட்டியும் கொத்திக்கொண்டு போகும். ஆனால் குத்தகைப் பணம் வாங்குகிற நிலக்காரரும் நீங்கள், அதைக் கொடுக்கிற அறக்கட்டளையும் நீங்கள் என்றால் மேஜைக்கு இரண்டு பக்கமும் ஒரே ஆள் உட்கார்ந்த மாதிரி ஆகும். அறங்காவலர்களுக்கும் அவர்கள் குடும்பத்துக்கும் அறக்கட்டளைப் பணம் போவதை வருமானவரிச் சட்டம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பார்க்கும், வரிவிலக்குக்கே ஆபத்து வரலாம். இதை அவர்களே உங்களிடம் எடுத்துச் சொன்னார்களா? சொல்லவில்லை என்றால் அவர்களுக்குத் தெரியவில்லை, அல்லது யோசிக்கவில்லை. அதற்காக அவர்களைக் கெட்டவர்கள் என்று சொல்லிவிட முடியாது, ஆனால் அங்கே கணக்கைப் பார்க்கிற ஆள் தேவை என்பது தெரிகிறது. வெளியிலிருந்தே அந்த உதவியைச் செய்யுங்கள். அறக்கட்டளைப் பத்திரத்தின் நகல், கடைசி மூன்று வருசத் தணிக்கை அறிக்கை, 12ஏ, 80ஜி என்று சொல்லப்படும் வருமானவரிச் சலுகைப் பதிவுகள் எல்லாவற்றையும் கேட்டு வாங்கிப் படியுங்கள். மகிழ்ச்சியாகக் கொடுப்பார்களா, முகம் சுளிப்பார்களா என்பதிலேயே நிறையத் தெரியும்.

அண்ணன் பேச்சையும் தள்ளிவிடாதீர்கள். அவர்தான் அங்கே இருக்கிறார், முள் குத்துவது அவர் காலில். ஆனால் அவர் சொல்கிற சைட் விலை அங்கீகாரம் வாங்கி, ரோடு போட்டு, பிரித்து விற்கிற புரோமோட்டருக்குக் கிடைக்கிற விலை. ஏக்கர் கணக்கில் மொத்தமாகக் கொடுக்கிறவர் கைக்கு எவ்வளவு வரும் என்று ஒரு புரோக்கரிடம் நேராகக் கேட்டுக் காகிதத்தில் எழுதச் சொல்லுங்கள். அப்புறம் பேசலாம்.

ஞாயிற்றுக்கிழமை அந்தக் காட்டைப் பார்க்கப் போகும்போது அண்ணனோடு நங்கையாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். விதை எடுக்கிற அம்மாவிடம் உங்களைவிட அவர் நன்றாகப் பேசுவார். பார்த்துவிட்டு வந்து அவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.