முதலில் மணித்தியாலங்களை எண்ணுங்கள்

கேள்வி: நான்கு வருடமாக ஒரு ஜிம்மில் பெண்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். இனித் தனியாகத் தொடங்க விருப்பம். ஒரு வகுப்புக்கு 1,500 ரூபாய் கேட்கலாம் என்று இருக்கிறேன். திட்டத்தை எங்கிருந்து தொடங்குவது?
- வாசகி, வெள்ளவத்தை

பதில்: கட்டணத்தைப் பிறகு பார்ப்போம். வேலைக்குப் போகும் பெண்களுக்கு வசதியான நேரம் காலை 5.30 முதல் 8.30 வரை, மாலை 5 முதல் 8 வரை. நாளுக்கு 6 மணித்தியாலம். மணித்தியாலத்துக்கு ஒருவர் என்று தனித்தனியாகக் கொடுத்தால் 5 நாளுக்கு 30 வகுப்பு. ஒருவர் வாரம் மூன்று முறை வந்தால் பத்துப் பேரோடு உங்கள் நேரம் தீர்ந்துவிடும். மாதம் 120 வகுப்பு, 180,000 ரூபாய். ஆனால் எல்லோரும் எல்லா நாளும் வரமாட்டார்கள். 90 வகுப்பென்று வைத்து, 135,000 ரூபாயில் வாடகையையும் போக்குவரத்தையும் கழித்துப் பாருங்கள். வீடு வீடாகப் போனால் கொழும்பு-காலி வீதி நெரிசலிலேயே இரண்டு மணித்தியாலம் போய்விடும். அப்போது கணக்கு இன்னும் சுருங்கும்.

அதனால் சிறு குழு நல்லது. ஆளுக்கு 700 ரூபாய்படி நால்வர் வந்தால் மணித்தியாலத்துக்கு 2,800. பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு வரும் தாய்மாருக்குக் காலை 9 மணி வகுப்பு வையுங்கள். சும்மா கிடக்கும் நேரம் அது. ஆறு பேருக்கு மேல் சேர்க்க வேண்டாம். குந்தி எழும்போது யாருடைய முழங்கால் உள்ளே மடிகிறது என்று கவனிக்க முடியாமல் போகும். கடற்கரையை மட்டும் நம்பாதீர்கள், ஒக்டோபர், நவம்பர் மாலைகளில் இடிமழை கெடுத்துவிடும். தொடர்மாடியின் கூரையுள்ள இடத்துக்கு நிர்வாகக் குழுவிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள்.

பணத்தை முன்கூட்டியே வாங்குங்கள். 12 வகுப்பு, 5 வாரத்துக்குள் முடிக்க வேண்டும். 12 மணித்தியாலத்துக்கு முன் சொல்லாமல் வராவிட்டால் அந்த வகுப்பு கழியும். இதை முதல் நாளே வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். தெரிந்தவர்களாயிற்றே என்று கூச்சப்பட்டு மாதக் கடைசிக்குத் தள்ளினால், ஏப்ரலில் பலர் ஊருக்குப் போகும்போது கையில் வாடகைக் காசும் இருக்காது.

சேர்க்குமுன் பிரஷர், சீனி, நெஞ்சுவலி, சத்திரசிகிச்சை, கர்ப்பம் பற்றிக் கேட்டுப் பதியுங்கள். எதற்காவது ‘ஆம்’ என்றால் மருத்துவரின் கடிதம் வரட்டும். இன்சுலின் போடுபவருக்குப் பயிற்சியில் சீனி திடீரென இறங்கலாம், குளுக்கோஸ் பக்கத்தில் இருக்கட்டும். 1990 அம்புலன்ஸ் இலக்கமும் சுவரில் இருக்க வேண்டும்.

வியாபாரப் பெயர்ப் பதிவுக்குப் பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள்.

மாதா மாதம் யார் மறுபடி பணம் கட்டவில்லை என்று எழுதுங்கள். விளம்பரத்துக்குச் செலவழிக்குமுன் அவர்களை அழைத்துக் கேளுங்கள். நேரம் ஒத்துவரவில்லை என்றால் வேறு குழுவுக்கு மாற்றலாம். உடம்பு நோவு தாங்கவில்லை என்றால், புதியவர்களுக்கு முதல் இரண்டு வாரமும் பாதிச் சுற்றுகளே கொடுங்கள்.