ஐவி லீயின் இரண்டு முகங்கள்

கேள்வி: என் மகள் கல்லூரியில் மக்கள் தொடர்பியல் படிக்கிறாள். ரயில் விபத்து ஒன்றை மறைக்காமல் 1906-இல் வெளியே சொன்ன ஐவி லீ என்ற அமெரிக்கர்தான் இத்துறையின் தந்தை என்று அவளுடைய பாடக்குறிப்பில் இருக்கிறது. முதலாளியின் பொய்க்கு மெருகேற்றித் தருவதுதானே பி.ஆர்.ஓ. வேலை? அதற்கு ஒரு பட்டமும் ஒரு தந்தையும் எதற்கு?
— வாசகர், கரூர்

பதில்: பாடக்குறிப்பு சொல்வது பொய்யில்லை, ஆனால் பாதியோடு நின்றுவிடுகிறது. நீங்கள் மறுபாதியை மட்டும் பிடித்துக்கொண்டு கேட்கிறீர்கள். இரண்டு பாதியும் ஒரே மனிதரிடம் இருந்தன என்பதுதான் இத்துறையின் வரலாற்றில் கவனிக்க வேண்டிய செய்தி.

1906 அக்டோபர் 28 அன்று அட்லாண்டிக் சிட்டிக்கு அருகே மின்சார ரயில் ஒன்று பாலத்தில் தடம்புரண்டு நீரில் விழுந்ததில் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். விபத்து நடந்தால் நிருபர்களை அண்டவிடாமல் தடுப்பதே அக்கால ரயில்வே கம்பெனிகளின் வழக்கம். பென்சில்வேனியா ரயில்வேக்காகப் பணியாற்றிய லீ, நடந்ததைத் தாமே எழுதிப் பத்திரிகைகளுக்குக் கொடுத்தார். நியூயார்க் டைம்ஸ் அதை அப்படியே அச்சிட்டது. அதே ஆண்டு, நிலக்கரிச் சுரங்க முதலாளிகளுக்காக வேலை செய்தபோது, தம்முடையது ரகசியச் செய்தி அலுவலகம் அன்று, வேலையெல்லாம் வெளிப்படையாகவே நடக்கும், எந்தச் செய்தி யார் சார்பில் வருகிறது என்று கேட்கும் ஆசிரியருக்கு அதைச் சொல்வோம் என்று பத்திரிகைகளுக்கு ஓர் அறிக்கையும் அனுப்பினார். முன்னாள் நிருபரான அவருக்கு, பத்திரிகைக்காரன் எதை எதிர்பார்ப்பான் என்பது நன்றாகத் தெரிந்திருந்தது. இதுவரை பாடக்குறிப்பு.

எட்டே ஆண்டுகளில், 1914 ஏப்ரல் 20 அன்று, கொலராடோ மாநிலத்தின் லட்லோ என்ற இடத்தில், வேலைநிறுத்தம் செய்ததால் கம்பெனி வீடுகளை விட்டு வெளியேற்றப்பட்ட சுரங்கத் தொழிலாளர் குடும்பங்கள் தங்கியிருந்த கூடார முகாமை நோக்கி மாநிலப் படையினர் துப்பாக்கியால் சுட்டனர்; கூடாரங்கள் தீக்கிரையாயின. துப்பாக்கிக் குண்டுக்குத் தப்ப ஒரு கூடாரத்தின் அடியில் தோண்டியிருந்த பள்ளத்தில் ஒளிந்துகொண்ட இரண்டு பெண்களும் பதினொரு குழந்தைகளும், மேலே கூடாரம் எரிய, உள்ளே மூச்சுத்திணறி இறந்தார்கள். அங்கிருந்த சுரங்க நிறுவனங்களில் பெரியது, எண்ணெய்த் தொழிலில் பெரும்பணம் சேர்த்த ராக்ஃபெல்லர் குடும்பத்தின் கட்டுப்பாட்டில் இருந்தது. குடும்பத்தின் பெயரைக் காப்பாற்ற அமர்த்தப்பட்டவர் ஐவி லீ.

அவர் தொடர்ச்சியாகத் துண்டறிக்கைகள் தயாரித்தார். கிழக்கே ஃபிலடெல்ஃபியாவில் அவர் எழுதியவை டென்வர் நகருக்கு அனுப்பப்பட்டு, கொலராடோ சுரங்க முதலாளிகளின் குழுவே வெளியிடுவதுபோல அங்கிருந்து நாடெங்கும் அஞ்சலில் சென்றன. எழுதியவர் யார் என்பது படித்தவர்களுக்குத் தெரியாது. தொழிற்சங்கத் தலைவர்களுக்கு ஓர் ஆண்டுக்குக் கொடுத்த பணத்தை ஒன்பது வாரத்துக் கூலி என்று ஒரு துண்டறிக்கை கூறியது. தொழிலாளர் தலைவியான மூதாட்டி மதர் ஜோன்ஸ் முன்பு விபசார விடுதி நடத்தியவர் என்ற அவதூறும் இன்னொன்றில் வந்தது. 1915-இல், தொழிலாளர்-முதலாளி பூசல்களை ஆராய அமெரிக்க அரசு அமைத்த தொழிலுறவு ஆணையத்தின் முன் நிறுத்தி விசாரித்தபோது, முதலாளிகள் கொடுத்த விவரங்கள் சரியா என்று பார்க்கத் தாம் எந்த முயற்சியும் எடுக்கவில்லை என்று லீ ஒப்புக்கொண்டார். 1906-இல் வெளிப்படையாக நடப்போம் என்று எழுதிக் கொடுத்த அதே கை அது. லட்லோவைச் சொல்லாமல் ரயில் விபத்தை மட்டும் சொல்லிக்கொடுக்கும் பாடம், மாணவர்களுக்கு வரலாற்றைக் கற்பிக்கவில்லை. லீக்காக இன்னொரு செய்திக்குறிப்பு எழுதுகிறது என்றே நான் கருதுகிறேன்.

பட்டப்படிப்பு எப்படி வந்தது என்பதையும் கேளுங்கள். முதல் உலகப்போரின்போது அமெரிக்க அரசின் பரப்புரைக் குழுவில் பணியாற்றிய எட்வர்ட் பெர்னேஸ், போரில் பலித்தது அமைதிக்காலத்திலும் பலிக்கும் என்று கண்டு, 1923-இல் இத்துறை பற்றி ஒரு நூலை வெளியிட்டு, நியூயார்க் பல்கலைக்கழகத்தில் பாடமும் நடத்தினார். 1929 ஈஸ்டர் ஊர்வலத்தில் இளம்பெண்களைச் சிகரெட் புகைத்தபடி நடக்கவைத்து, அதைப் பெண் விடுதலையின் தீபம் என்று செய்தியாக்கியவரும் அவரே. செலவு புகையிலைக் கம்பெனியுடையது. 1947-இல் பாஸ்டன் பல்கலைக்கழகம் இதற்கெனத் தனிக் கல்விப்புலத்தையே தொடங்கியது. ஆகவே இந்தப் படிப்பு அறநெறியிலிருந்து பிறக்கவில்லை. தொழில் பெருகியது, மரியாதை தேடியது, பல்கலைக்கழகத்துக்கு வந்தது.

வந்த பிறகு அது தன்னைத் தானே ஆராயத் தொடங்கியதையும் மறுக்க முடியாது. 1984-இல் குரூனிக், ஹன்ட் என்ற இரு பேராசிரியர்கள், வெறும் ஆரவார விளம்பரம், ஒருவழியாகத் தகவல் தருதல், மக்களின் மனத்தை அறிந்து அவர்களை இணங்கவைத்தல், மக்கள் சொல்வதைக் கேட்டுத் தானும் மாறிக்கொள்ளுதல் என்று நான்கு வகைகளைப் பிரித்துக் காட்டினார்கள். வகைப்பாடு பயனுள்ளது. அதையே காலவரிசையாக்கி, தொழில் படிப்படியாகத் திருந்தி மேலேறியது என்று சொல்லித்தருவதைத்தான் நான் ஏற்கவில்லை. 1954 ஜனவரி 4 அன்று நானூறுக்கும் மேற்பட்ட அமெரிக்கப் பத்திரிகைகளில், மக்களின் உடல்நலமே தங்கள் முதற்கடமை என்று புகையிலைக் கம்பெனிகள் கொடுத்த முழுப்பக்க அறிக்கைக்குப் பின்னால் இருந்தது, அந்நாளின் தேர்ந்த மக்கள் தொடர்பு நிறுவனமான ஹில் அண்ட் நோல்டன். புகைப்பதன் கேட்டை மறைத்து அந்தக் கம்பெனிகள் பல பத்தாண்டுகள் மக்களை ஏமாற்றின என்று அமெரிக்க நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2006-இல்தான். இதில் எந்தப் படி ஏறியிருக்கிறது?

இத்தனைக்கும் பிறகு பட்டம் எதற்கு என்றால், வேண்டும் என்பதே என் பதில். பொய்யைச் செய்யும் முறை தெரியாதவர்களால் அதைத் தடுக்க முடியாது. ஒரு தொழிற்சாலை விபத்து பற்றி எங்கள் அலுவலகத்துக்கு வந்த செய்திக்குறிப்பில் முதல் ஐந்து பத்திகள் நிறுவனத்தின் பாதுகாப்பு விருதுகளைச் சொல்லின. இறந்தவர்களின் எண்ணிக்கை ஆறாவது பத்தியில் ஒரு துணைவாக்கியமாக இருந்தது. அதை எழுதியவர் தமது வேலையை நன்றாகக் கற்றவர். அதை மாற்றாமல் பக்கத்தில் ஏற்றவிருந்தவர் எங்கள் உதவியாசிரியர். 1906-இல் நியூயார்க் டைம்ஸ் லீயின் குறிப்பை அப்படியே அச்சிட்டதைப் பெருமையாகச் சொல்லும்போது, பத்திரிகைக்காரர்களாகிய நாங்கள் எங்கள் பங்கையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

மருத்துவர், வழக்கறிஞர்போல மக்கள் தொடர்பாளர்களுக்கும் உரிமம் வேண்டும் என்று தம் முதுமையில் கேட்டவர், அந்தச் சிகரெட் ஊர்வலம் நடத்திய பெர்னேஸ்தான். அது நடக்கவில்லை. உரிமம் இல்லாத தொழிலில் வகுப்பறை ஒன்றாவது இருக்கட்டும். தொழிலுறவு ஆணையத்தின் விசாரணை 1916-இல் பதினொரு தொகுதிகளாக அச்சாகியிருக்கிறது. லீயின் சாட்சியம் அதில் இருக்கிறது. அடுத்த வகுப்பில் அதை வாசிக்கவேண்டும் என்று ஆசிரியரிடம் கேட்கச் சொல்லுங்கள், உங்கள் மகளிடம்.